அரை மில்லிமீட்டரும் ஒரு ‘ஆச்சு’வும்

ஜனவரி 22

டைரி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு இன்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். யாராவது கண்டெடுத்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். பெயர் சங்கவி, வயது இருபத்தெட்டு, படித்தது பயோமெடிக்கல். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூட்டு மாற்றும் ரோபோவுக்கு, அதை விற்ற கம்பெனி சார்பில் நான்தான் ஆள்.

ரோபோ என்றதும் ஏதோ நடந்து வந்து ஆபரேஷன் செய்யும் என்று என் பெரியம்மா வரைக்கும் நினைக்கிறார்கள். செய்வது டாக்டர் சிவப்பிரகாசம். எலும்பை எங்கே, எந்தக் கோணத்தில் வெட்டவேண்டும் என்று கணக்குப் போட்டு, அவர் கையிலிருக்கும் ரம்பம் அந்தக் கோட்டைத் தாண்டாமல் பிடித்துக்கொள்வதுதான் மெஷினின் வேலை. பிசகினால் அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். எலும்பில் ஊசி இறக்கி அதன் மேல் ஒரு சின்னக் கம்பம் நிறுத்துவோம். நாங்கள் அதை ஆன்டெனா என்போம். அதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். நான் மூலையில் திரைக்கு முன் நின்று எண்களைப் படித்துச் சொல்வேன்.

இன்று மூன்று கேஸ். இரண்டாவது கேஸ் தெய்வானை அம்மா, சோமனூர், ஐம்பத்தெட்டு வயது, வலது மூட்டு. வீட்டில் நான்கு விசைத்தறி. அவரும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றித் தறி நடுவே நிற்பார்களாம், நாளுக்குப் பத்து மணி நேரம். நேற்று அவருடைய எலும்புப் படத்தைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அரை மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். நகத்தின் கனம் என்றேன். தன் நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ என்ற காலு நேராயிருமா கண்ணு?”

“ஸ்கேல் வச்ச மாதிரி ஆயிரும்மா.”

ஆபரேஷன் முடிவில் திரையில் வந்த சாய்வு அரை டிகிரிதான். கை தட்டாத குறை.

அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டாள். “ஆச்சும்மா” என்றேன். அதற்கப்புறம்தான் மெஸ்ஸுக்குப் போனேன். இட்லி தீர்ந்துவிட்டது.

ஜனவரி 23

தெய்வானை அம்மாவை நடக்க வைத்தார்கள். நான்கு அடி வைத்தார், ஐந்தாவதில் உதட்டைக் கடித்தார். முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான்.

எக்ஸ்ரே வந்தது. சிவப்பிரகாசம் சார் அதைத் தூக்கிப் பிடித்து இரண்டு முறை பார்த்தார். “கீழ லேசா சாஞ்ச மாதிரி இல்ல?” என்றார். பிறகு அவரே, “காலைத் திருப்பி வச்சுப் படுத்திருப்பாங்க. மெஷின் அரை டிகிரிதான் சொல்லுது, என்னம்மா?” என்றார்.

“ஆமா சார்.”

அந்தக் கேஸின் ரிப்போர்ட் இன்னும் அனுப்பவில்லை. ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

ஜனவரி 24

ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். வண்டியைச் சர்வீஸுக்கு விடவேண்டும். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கூரியரில் போடவேண்டும்.

ஜனவரி 29

மாத்திரை வந்ததா என்று நான் கேட்கவேண்டியது. அனுப்பினாயா என்று அம்மா கேட்டாள். ஆச்சு என்றேன். போனை வைத்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

பிப்ரவரி 6

தையல் பிரித்தார்கள். தெய்வானை அம்மாவுக்குக் காயம் நன்றாக ஆறியிருக்கிறது. வலி மட்டும் குறையவில்லை, அதுவும் உள்பக்கம். வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஐயா அதிகம் பேசாதவர். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருக்கும் மூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது டாக்டர் ரிஸ்வானா என்னை நிறுத்தினார். சாருக்கு உதவியாக நிற்கும் ஜூனியர் டாக்டர். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், ஆனால் எதையும் இரண்டாம் முறை கேட்கிற ஆள்.

“சங்கவி, அன்னிக்கு இந்தம்மா கேஸ்ல நடுவுல ஒரு செக் பண்ணினோமே, என்ன நம்பர் வந்துச்சு?”

“பாயிண்ட் நாலு டாக்டர்.”

“ஓ. அப்போ சரி.”

பிறகு கான்டீனில் லெமன் சாதம் சாப்பிட்டேன். உப்பு இல்லை.

பிப்ரவரி 27

ஐந்து வாரம் ஆகிவிட்டது. அன்று ஆபரேஷன் ஆன மற்ற இரண்டு பேரும் தடியைக் கீழே போட்டுவிட்டார்கள். ஒருவர் மருதமலைப் படியேறியதாக போட்டோ அனுப்பியிருக்கிறார். தெய்வானை அம்மா மட்டும் வாக்கரோடு வந்தார்.

சார் கோபக்காரர் இல்லை. ஆனால் தன் கேஸ் சரியாக வரவில்லை என்றால் குரல் மாறிவிடும். “எக்சர்சைஸ் பண்றீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கம்மா. நாங்க எங்க வேலையைச் சரியாப் பண்ணியாச்சு. மிச்சம் உங்க கையிலதான் இருக்கு” என்றார். திரையில் என் ரிப்போர்ட். பச்சை எழுத்தில் அரை டிகிரி.

தெய்வானை அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “பண்றேனுங்க. பத்தலையாட்ட இருக்குதுங்க.”

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மெஷினு பொய் சொல்லுங்களா கண்ணு? என்ற மேலதான் தப்பு இருக்கோணும். நாளையிலிருந்து ரெண்டு மடங்கு பண்றேன்.”

“ரொம்பப் பண்ணாதீங்கம்மா” என்றேன்.

துணி ஊறவைத்து மூன்று நாளாகிறது. நாற்றமடிக்கிறது.

மார்ச் 3

எழுதிவிடுகிறேன். டைரியில்கூட எழுத முடியாதென்றால் இதை வாங்கியிருக்கவே வேண்டாம்.

அன்று தொடை எலும்பு வேலை முடிந்திருந்தது. கீழ்க்கால் எலும்பை வெட்டும் முன் மெஷின் கேட்கும் செக் எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். அதற்கப்புறம் காலை இன்னும் கொஞ்சம் மடக்கும்போது ரிஸ்வானாவின் முழங்கை ஆன்டெனாவில் இடித்தது. “லேசா பட்டுச்சு சார்” என்று அவரே சொன்னார், மறைக்கவில்லை. “பாயிண்ட்டைத் தொட்டுப் பாத்துருங்க” என்றார் சார். எலும்பில் ஒரு சின்ன ஆணி இருக்கும். அதைக் குச்சியால் தொட்டால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று திரையில் எண் வரும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் முதலிலிருந்து அளக்கவேண்டும். நடுவில் இடிபடுவது மெஷினுக்குத் தெரியாது. மனுஷர்தான் கேட்கவேண்டும், மனுஷர்தான் பார்க்கவேண்டும்.

ரிஸ்வானா தொட்டுக்கொண்டு நின்றார். நான் அந்த நேரத்தில் மூன்றாவது கேஸின் படத்தைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“ஆச்சா?” என்றார் சார்.

“ஆச்சு சார்.”

நான் சொன்னது, இதோ வந்துவிட்டேன் என்ற அர்த்தத்தில். நம் ஊரில் ‘வந்துட்டேன்’ என்றால் இன்னும் செருப்பு மாட்டவில்லை என்று அர்த்தம். ‘ஆச்சு’ என்றால் இனிமேல்தான் ஆகப்போகிறது என்று அர்த்தம். எல்லாருக்கும் தெரியும். ரம்பத்துக்குத் தெரியாது.

ரிஸ்வானா குச்சியை எடுத்துவிட்டார். சத்தம் தொடங்கியது. நான் திரைக்கு வந்து பார்த்தபோது எண் வரவேண்டிய கட்டம் காலி. ‘இருங்க சார்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், பின்னே எதற்கு ஆச்சு என்றாய் என்று கேட்பார். பத்து நிமிடம் வீணாகும். லேசாகத்தானே இடித்தது, சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் அரை டிகிரி வந்ததும் நிம்மதியாகிவிட்டது.

ஆனால் அந்த அரை டிகிரியை அளந்ததும் அதே ஆன்டெனாதான். வளைந்த ஸ்கேலால் கோடு போட்டு, அதே ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நேராகத்தான் தெரியும். இது எனக்கு ஜனவரி 23ஆம் தேதியே தெரியும். சார் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தபோதே.

அந்தக் கட்டத்தில் நான் 0.4 என்று நிரப்பினேன். ரொம்ப நல்ல எண்ணாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. யாரும் சந்தேகப்படாத எண்.

மார்ச் 4

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

மார்ச் 20

தெய்வானை அம்மா இன்று மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து டாக்டர் மேஜையிலேயே வைத்துவிட்டார். நர்ஸ் பதறிப்போய்க் காகிதம் விரித்தார்.

“ஆபரேசனுக்கு அப்புறம் வாங்குனதுங்க. வலது செருப்பைப் பாருங்க. வெளிப்பக்கம் மட்டும் தேயுது. தறியில பாவு நூலு ஒரு பக்கம் இழுத்தா துணி இப்படித்தான் வரும். அப்போ தறியைத்தான் பாப்போம், துணியைத் திட்ட மாட்டோம்.”

அவருக்குத் தெரியாமலே சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். சார் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்தார். நான் நினைத்தேன், இப்போது பிடித்துவிடுவார், நான் சொல்லவே வேண்டாம் என்று. பிடித்துவிடவேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்கூட.

அவர் என் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தார். “இடது மூட்டு இன்னும் வளைஞ்சே இருக்கு. அதுக்குத் தோதா வலது காலையும் சாச்சு நடக்கிறீங்க. இடதையும் பண்ணிட்டா சரியாயிடும். ஏப்ரல் ஒன்பது வச்சுக்கலாம்.”

ஒரு சரியான முடிவை எடுத்த திருப்தி அவர் முகத்தில். என் 0.4ஐ நம்பி ஒருவர் இன்னொரு காலை வெட்டிக்கொள்ளப் போகிறார்.

மார்ச் 28

சொந்த ஊர் கோபியிலிருந்து அம்மா வந்து இரண்டு நாள் ஹாஸ்டலில் தங்கினாள். என் முகத்தைப் பார்த்து ஏதோ காதல் விஷயம் என்று நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் முழுவதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் துணியையெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். பஸ் ஏறும்போது மட்டும், “திங்கக்கிழமை டாக்டர்கிட்டச் சொல்லிரு” என்றாள்.

மார்ச் 30

“சொல்லிட்டியா?”

“ஆச்சும்மா.”

ஏப்ரல் 8

நாளைய ஆபரேஷனுக்காகத் தெய்வானை அம்மா காலையிலேயே அட்மிட் ஆகிவிட்டார். இடது கால் எலும்புப் படத்தைக் காட்டப் போனேன். படத்தை அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“நாளைக்கு நீயும் உள்ள இருப்பேயில்ல கண்ணு? டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பொண்ணே இருக்கட்டும்னு. நீ நின்னு பாத்துக்கிட்டா எனக்குப் பயமில்லை.”

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். வராந்தாவில் நின்று அழுதேன். யாரோ ஒரு பாட்டிலை நீட்டினார்கள். யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு நேராக சாருடைய அறைக்குப் போனேன். ரிஸ்வானாவும் அங்கே இருந்தார். கதவைச் சாத்தினேன்.

சொன்னேன். ஒன்றும் விடவில்லை.

ரிஸ்வானாதான் முதலில் பேசினார். “என்கிட்ட பாயிண்ட் நாலுன்னு சொன்னீங்க.”

“அது நான் சொன்ன நம்பர் டாக்டர். மெஷின் சொன்னதில்லை.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சார் கத்துவார் என்று நினைத்தேன். அந்த எக்ஸ்ரேயை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். “எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுச்சு. என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. கண்ணை விட்டுட்டு நம்பரைப் பாத்தேன்” என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், “அந்தம்மாவை நான் திட்டினேன், நீ பக்கத்துல நின்னுட்டுப் பாத்துட்டு இருந்தே” என்றார். கத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இடுப்பிலிருந்து பாதம் வரை, நிற்க வைத்து, நீள எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஐந்து டிகிரி சாய்வு.

சாரே போய்ச் சொல்வதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். தெய்வானை அம்மா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து ஐயா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சார் படத்தைக் காட்டி விளக்கினார். அவர் முடித்ததும் நான் ‘ஆச்சு’ கதையைச் சொன்னேன். அவர்கள் இருவருக்கும் அதைப் புரியவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்போ நான் எக்சர்சைஸ் பண்ணாததால இல்லைதானே?” என்றார் தெய்வானை அம்மா. அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“நீங்க எல்லாம் சரியாத்தான் பண்ணீங்கம்மா.”

“பத்து வாரம் கண்ணு. ராட்சசி மாதிரி பண்ணுனேன். இவரு வேண்டாம் வேண்டாம்னாரு.” என் பக்கம் திரும்பினார். “‘இருங்க’ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாயில்லாமப் போச்சா?”

நாச்சிமுத்து ஐயா உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். “நீங்க கொஞ்சம் வெளிய போங்க அம்மிணி” என்றார். அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

ஏப்ரல் 9

இடது மூட்டு ரத்து. வலது மூட்டையே திறந்து, சாய்ந்த பகுதியை மாற்றவேண்டும். ஏப்ரல் 16.

கம்பெனியிலிருந்து விசாரணை. விசாரணை முடியும்வரை நான் தியேட்டருக்குள் போகக்கூடாது. ரிப்போர்ட்டில் 0.4ஐ நீக்கிவிட்டு ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு நானே போன் செய்தேன். “போன வாரம் சொல்லலம்மா. நேத்துத்தான் சொன்னேன்” என்றேன். “தெரியும்” என்றாள்.

ஏப்ரல் 16

சென்னையிலிருந்து வேறொருவர் வந்து மெஷினைப் பார்த்துக்கொண்டார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாச்சிமுத்து ஐயா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். போகச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரமும் அவர் தன் வலது கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சார் வெளியே வந்து, நன்றாக முடிந்தது என்று அவரிடம் சொன்னார். போகும்போது என்னருகே ஒரு கணம் நின்றார்.

“இன்னிக்கு நான் ‘ஆச்சா’ன்னு கேக்கலை. ஒவ்வொரு தடவையும் ‘எவ்வளவு’ன்னு கேட்டேன்.”

ஜனவரியிலேயே அப்படிக் கேட்டிருந்தால் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். பதில் சொல்லவேண்டியவள் நான்தானே.

மே 11

விசாரணை முடிந்தது. வேலை போகவில்லை. ஆறு மாதம் குடோனில், பெட்டிகளில் ஊசிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணுகிறேன். கூட இருக்கும் அண்ணன், “என்னம்மா இவ்வளவு ஸ்லோ?” என்று கிண்டல் செய்கிறார்.

ஜூன் 14

சோமனூர் போனேன். அவர்கள் கூப்பிடவில்லை. வரலாமா என்று தெய்வானை அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வா” என்றார்.

வாசலிலேயே தறிச் சத்தம் காதை அடைத்தது. தெய்வானை அம்மா இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். வாக்கர் இல்லை, தடியும் இல்லை. என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை வாங்கிய புதுச் செருப்பில் வலதைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தது.

“வலி எப்படிம்மா இருக்கு?”

“முன்னைக்கு இல்லை. இருந்தாலும் ரெண்டு தரம் அறுத்த காலு கண்ணு. அஞ்சு மணி நேரத்துக்கு மேல நிக்க முடியலை. ரெண்டு தறிதான் ஓட்டறோம்.”

“இடது கால்?”

“அது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்” என்றார். “அதைத் தொட இனி யாரையும் விட மாட்டேன்.”

மன்னிப்புக் கேட்க ஒரு மாதமாக வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். “தப்பு பண்ணிட்டேம்மா” என்று மட்டும் வந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏனுங், காப்பி ஆச்சுங்களா?”

“ஆச்சு, ஆச்சு!” என்றார் நாச்சிமுத்து ஐயா அடுப்படியிலிருந்து.

நான் இருந்த இடத்திலிருந்து அடுப்படி நன்றாகத் தெரிந்தது. அவர் அப்போதுதான் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தார். அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் பார்த்ததைத் தெய்வானை அம்மாவும் பார்த்தார்.

“காப்பிக்கு ‘ஆச்சு’ன்னு சொல்லலாம் கண்ணு” என்றார்.

காப்பி வர இருபது நிமிடம் ஆனது.